ஊசுடு ஏரியும் ஒரு கிளுவைக் குழம்பும்

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் கண்புரை எடுத்தவர்கள், மீதிப்பேர் எடுக்கப் போகிறவர்கள் என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன். எனக்குப் போன வருஷம் எடுத்தார்கள். கட்டைப் பிரித்ததும் டாக்டரம்மா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "தூரத்துல இன்னா தெரியுதுங்க ஐயா?" என்று கேட்டார். "மாடிக் கைப்பிடிச் சுவர்ல ஒரு வாத்து ஒக்காந்திருக்குது" என்றேன். அது யாரோ காயப்போட்ட வெள்ளைப் பனியன். டாக்டரம்மா பயந்துபோய் மறுபடி விளக்கை அடித்துப் பார்த்தார். கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. எனக்குத் தூரத்தில் எது தெரிந்தாலும் முதலில் வாத்துதான். பிறகுதான் அது பனியனாகவோ பஸ்ஸாகவோ மாறும். இந்த வியாதி எனக்கு அப்பா வழியாக வந்தது.

எனக்குத் தலை நிற்பதற்கு முன்பே அப்பா சைகோனுக்குக் கப்பலேறிவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. புதுச்சேரியில் என் வயசுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், சொல்தா என்றால் சிப்பாய். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் ஆம்பிளைகள் ஒன்று தறிக்குப் போனார்கள், ஒன்று மில்லுக்குப் போனார்கள், இல்லாவிட்டால் சைகோனுக்குப் போனார்கள். மற்ற இரண்டு இடத்துக்குப் போனவர்கள் சாயங்காலம் வீடு திரும்பினார்கள்.

எனக்கு அப்பா என்பது சுவரில் மாட்டியிருந்த ஒரு போட்டோ. மீசை வைத்த போட்டோ. அதனிடம்தான் நான் பரீட்சை மார்க்கைச் சொல்வேன், அதுவும் கோபித்துக்கொள்ளாது. பிரெஞ்சுக் கொடி மாறி, சாலையில் போலீஸ்காரர் தொப்பி மாறி, இரண்டு வருஷம் போனபின் ஒரு மத்தியானம் ரிக்‌ஷாவில் இரும்பு டிரங்குப் பெட்டியோடு ஒருத்தர் வந்து இறங்கினார். மீசை இல்லை. "இவரு இல்லம்மா. அவரு உள்ள மாட்டிக்கினு இருக்காரு" என்று நான் வாசலை மறித்து நின்றேனாம். அதற்கு அப்பா சிரித்தாரா, வருத்தப்பட்டாரா என்று பின்னால் அம்மாவிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பெட்டிய எங்க வெக்கறதுன்னு கேட்டாரு" என்பாள்.

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொன்னாள். அது அங்கேயே இருந்தது. காலையில் அப்பா கட்டிலுக்கு முன் மண்டியிட்டுப் பெட்டியை இழுப்பார், பூட்டைத் திறப்பார், சட்டையை எடுப்பார், பூட்டுவார், உள்ளே தள்ளுவார். துவைத்து மடித்த துணியும் பெட்டிக்குள்தான் போகும். கருங்கல் தரையில் இரும்பு உராயும் அந்தச் சத்தம் கேட்டால் அடுப்படியில் அம்மா கரண்டியை நிறுத்திவிடுவாள். பூட்டு விழுந்த சத்தம் வந்த பிறகுதான் மறுபடி கிளறுவாள். ஒரு தடவை அவர் பூட்டுவதற்குத் தாமதமாகிவிட்டதில் உப்புமா அடிப்பிடித்தது. நான்தான் தின்றேன்.

அம்மாவின் பயம் என்ன என்று தெருவுக்கே தெரியும். அதற்கு எதிர்வீட்டில் சாட்சி இருந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மாவின் புருஷனும் சொல்தாதான். அவர் வரவில்லை, அவருடைய போட்டோ வந்தது. பக்கத்தில் நீள அங்கி போட்ட ஒரு சைகோன்காரி, மடியில் ஒன்றும் கீழே ஒன்றுமாகக் குழந்தைகள். பெரியம்மா அதைக் கிழித்துப் போடவில்லை. கண்ணாடி போட்டு மாட்டி, அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் மறைகிற மாதிரி மேலே ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டிருந்தாள். புருஷன் பாதியும் தேதி பாதியுமாக அந்தப் போட்டோவை நான் பார்த்திருக்கிறேன். வருஷக் கடைசியில் தாள் எல்லாம் கிழிந்து அட்டை மட்டும் நிற்கும்போது ஒரு குழந்தையின் கால் எட்டிப்பார்க்கும். புது நாட்காட்டி வந்ததும் கால் போய்விடும்.

ஆகையால் சைகோன் விஷயத்தில் பெரியம்மாவின் வார்த்தைக்கு எங்கள் வீட்டில் மறுவார்த்தை கிடையாது.

"பெட்டி இன்னும் பிரிக்கலியாடி?"

"இல்லக்கா."

"அப்ப அது ஆள் இருக்கற பெட்டி இல்ல. போற பெட்டி."

இதை என் முன்னாலேயே பேசுவார்கள். பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகளுக்குக் காது இருப்பது அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றாது.

அப்பா அதிகம் பேசமாட்டார். இடது காது மந்தம். சாப்பிட்டால் "போதும்" என்பார், குளித்தால் "ஆச்சு" என்பார். யாரோ விருந்தாளி வந்து தங்கியிருப்பதைப் போல, தான் குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்ப்பார். அம்மாவுக்கு அதுவும் பயம். புருஷன் டம்ளர் கழுவினால் பின்னால் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம்.

தை மாதம் தெருமுனையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வேட்டுப் போட்டார்கள். அப்பா கொல்லையில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார். முதல் வேட்டு வெடித்தது. திரும்பிப் பார்க்கிறேன், அப்பாவைக் காணோம். ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் மண்ணோடு மண்ணாகக் குப்புறப் படுத்திருந்தார். கையில் டம்ளர் நிமிர்ந்து நின்றது, காப்பி ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எனக்கு அது பெரிய வித்தையாகப் பட்டது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் டம்ளரோடு செய்து காட்டப் போய் முழங்கையைப் பெயர்த்துக்கொண்டேன். அம்மா சிரிக்கவில்லை. அவர் எழுந்ததும் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். அவர் அவளைப் பார்க்காமல், "காப்பி ஆறிடுச்சி" என்றார்.

அதற்கடுத்த வாரம் அவர் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். கழுத்தில் ஒரு தோல் பை. அதற்குள் பட்டாளத்து ஜுமேல், தூரத்தைக் கிட்டத்தில் காட்டுகிற இரட்டைக்குழல் கண்ணாடி. வெயில் ஏறும்போது வருவார். எங்கே போனார் என்று கேட்டால், "ஏரிப்பக்கம்" என்பார். காலில் சேறு இருக்கும். மீன் இருக்காது. கீரை கூட இருக்காது. ஏரிக்குப் போய் வெறுங்கையோடு வருகிற மனுஷனை எங்கள் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை.

பெரியம்மா தலையை ஆட்டினாள். "தூரக்கண்ணாடிய மாட்டிக்கினு போனா இன்னாடி அர்த்தம்? கிட்ட இருக்கறது புடிக்கலன்னு அர்த்தம்."

அம்மா என்னைக் கூப்பிட்டுச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். "நாளைக்கி நானும் வரேன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லு."

சொன்னேன். அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "குளிரும். துண்டு எடுத்துக்க" என்றார்.

மாசி மாதத்துப் பனி. சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றிப் போட்டு என்னை உட்காரவைத்தார். பெரிய வாய்க்கால் நாற்றம், பிறகு ரொட்டிக் கிடங்கு வாசனை, பிறகு ரெட்டியார்பாளையம் தாண்டியதும் வைக்கோல் வாசனை. மூக்கை வைத்தே வழி சொல்லலாம். ஊசுடு ஏரிக்குப் போகிற சாலையில் ஒரு காலிக் கொட்டகை இருந்தது. பிரெஞ்சு எல்லை முடிந்து இந்திய எல்லை தொடங்குகிற இடத்தில் மூட்டையைப் பிரித்துப் பார்க்கிற சுங்கக் கொட்டகை. எல்லையே போனபிறகு ஆள் யாரும் இல்லை, ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அப்பா அங்கே வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கினார். என்னையும் இறக்கினார். கொட்டகையைத் தாண்டும் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து, பிறகு ஏறினார்.

"யாருமே இல்லியேப்பா?"

"தெரியும்."

"அப்ப ஏன் எறங்குன?"

"பழக்கம்."

தினமும் இறங்கினார். நாயும் தினமும் ஒரு கண்ணைத் திறந்து எங்களைச் சோதித்து அனுப்பியது.

ஏரி பாதி எங்களுடையது, பாதி தமிழ்நாட்டுக்காரர்களுடையது. வாத்துகள் எந்தக் காலத்திலும் யாரிடமும் மூட்டையைக் காட்டியதில்லை. கரையில் ஒரு பனைமரத்தடியில் அப்பா குந்தினார். கண்ணாடியை எடுத்ததும் பையிலிருந்து பூஞ்சை பிடித்த தோலும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த ஒரு வாடை வந்தது. நீண்ட நாளைக்கு அதுதான் சைகோனின் வாடை என்று நினைத்திருந்தேன். என்னிடம் கொடுத்தார். பார்த்தேன். ஏரி ஒரு தட்டளவுக்குப் போய்விட்டது, அதில் எள்ளு தூவியிருந்தது.

"இன்னா தெரியுது?"

"எள்ளுருண்டை."

"திருப்பிப் புடி."

திருப்பினேன். ஒரு வாத்தின் கண் என் கண்ணுக்குள் வந்துவிட்டது. பயத்தில் பின்னால் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்தேன். அப்பா சிரித்ததை நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான். பல் தெரியாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும்.

இதற்குப்பின் எல்லாவற்றுக்கும் பேர் கற்றேன். சோற்றுக் கரண்டியை மூக்கில் மாட்டியதைப் போன்ற தட்டைவாயன். வால் ஊசியாக நீண்ட ஊசிவாலன். சின்னதாக, கூட்டமாக, சிறகில் மட்டும் பச்சை மின்னுகிற கிளுவை. நெற்றியில் வெள்ளை நாமம் போட்டு எந்நேரமும் சண்டை போடுகிற நாமக்கோழி. எங்கள் கணக்கு வாத்தியாரும் நாமம் போட்டவர். அதற்கப்புறம் அவர் வகுப்பில் பிரம்பைத் தூக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்து, வாங்கவேண்டியதைவிட இரண்டு அடி கூடுதலாக வாங்கினேன். பறவை பார்ப்பது உடம்புக்கு நல்லது என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். எந்த உடம்புக்கு என்று சொல்வதில்லை.

ராத்திரி வயலில் மேய்ந்துவிட்டு விடியலில் கூட்டம் திரும்பி வரும். தலைக்கு மேலே புடவையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். வந்ததும் இறங்காது. ஏரியைச் சுற்றும், தாழும், மறுபடி மேலே போகும், மறுபடி சுற்றும்.

"எறங்க வேண்டியதுதானப்பா? தண்ணிதான் இருக்குதே."

"பறக்கறதுக்கு யோசிக்காதுங்க. எறங்கறதுக்குத்தான் இவ்ளோ யோசன" என்றார் அப்பா.

நான் ஒரு நாள் கேட்டேவிட்டேன். "இதுங்கள பாத்து இன்னாப்பா பண்றது? சுடப்போறமா?"

அவர் கண்ணாடியை இறக்கவில்லை. "ஒக்காந்துக்கினு இருக்குதுங்கல்ல. அத பாக்கறேன்."

"ஒக்காந்திருக்கறதயா?"

"அங்க சைகோன் பக்கம் எனக்கு இதான் வேல. வயல்ல தண்ணி நிக்கும், இதே கிளுவைங்க எறங்கியிருக்கும். கண்ணாடிய வெச்சிக்கினு அதுங்களயே பாத்துக்கினு இருக்கணும். குபீர்னு எழும்புச்சின்னா அந்தப்பக்கம் ஆள் வருதுன்னு அர்த்தம். எழும்பலன்னா அன்னிப் பொழுது நமக்கு."

"எழும்பிச்சின்னா?"

அவர் ஜுமேலை வேட்டி முனையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "வெயில் ஏறுது. வா."

அன்றைக்கு ஏரியில் எதுவும் எழும்பவில்லை. திரும்பும்போது சைக்கிளில் ஏதோ பிரெஞ்சுப் பாட்டு ஒன்றை மூக்காலேயே முனகிக்கொண்டு வந்தார்.

வீட்டில் எனக்குப் பொரி உருண்டை காத்திருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் கூட்டவுமில்லை. உண்மையைச் சொன்னால் எவ்வளவு ஆபத்து என்று எனக்கு அந்த வயதில் தெரியாது.

"அப்பா வாத்து பாக்கறாரும்மா."

"வாத்தா?"

"ஆமா. சைகோன்லயும் இதே வாத்துதானாம். தெனமும் அதயேதான் பாத்துக்கினு இருப்பாராம்."

அம்மாவின் முகம் அரைத்த மஞ்சளை வைத்த மாதிரி ஆனது. பெரியம்மா என் கையிலிருந்த பொரி உருண்டையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏன் பாப்பாராம்?"

"ஆள் வருதான்னு பாக்கறதுக்கு."

"எந்த ஆளு? பொம்பளயா, ஆம்பிளயா?"

"தெரியல பெரிம்மா. கேக்கல."

"கேக்க மாட்ட. ஒங்கப்பன் புள்ளதான நீ." பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "நான் சொல்லல? வரப்புமேல வருவா போல, இவரு கண்ணாடிய வெச்சிக்கினு பாத்துக்கினு இருந்திருக்காரு."

"வாத்து எதுக்குக்கா?"

"அந்த ஊருல வாத்துதான்டி சாப்பாடே. வரிசையா தொங்கவுட்டு விப்பாங்களாம். அவ நாள் தவறாம ஆக்கிப் போட்டிருப்பா. நாக்கு மறக்குமா? ஆம்பிளைக்கி ஊரு மறக்கும், பொண்டாட்டி மறப்பா, நாக்கு மட்டும் மறக்காது."

"அப்பா சாப்புடறத பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றேன் நான்.

"நீ உருண்டய தின்னு."

தின்றேன். தின்றுகொண்டே கடைசியாக ஒரு செய்தியையும் சொல்லிவைத்தேன், அதுவும் காதில் விழுந்தது அப்படியே: "பங்குனி பொறந்தா எல்லாம் கெளம்பிடும்னு அப்பா சொன்னாரு."

அம்மா எழுந்து உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பெட்டி இருக்கிறதா என்று பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஏரிக்குப் போகவில்லை. மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பழைய சொல்தா சிநேகிதரைப் பார்க்க விடியலிலேயே டவுனுக்குப் போயிருந்தார். அந்தச் சிநேகிதர் பிரான்சுக்குப் போகிறவர். பெரியம்மாவுக்கு அது தெரியும், ஆகவே அம்மாவுக்கும் தெரியும். எட்டு மணிவாக்கில் தெருவில் ஒரு ஆள் பிரம்புக் கூடையோடு வந்தான். வலைபோட்டுப் பிடித்த நீர்ப்பறவைகளைத் தெருத்தெருவாக விற்கிறவன். கால்களை நாரால் கட்டி, இறக்கைகளைப் பின்னிப் போட்டிருந்தான். கூடைக்குள்ளே பச்சை மின்னியது. நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமலே வாத்தின் கண் கிட்டத்தில் தெரிந்தது.

"வேணாம்மா. இது அப்பாவோட கிளுவைம்மா."

"அதனாலதான்டா வாங்கறேன்" என்றாள் அம்மா. அவள் குரலில் அவ்வளவு பிரியம் இருந்தது. நான் கூடையை விட்டு நகர்ந்து நின்றேன்.

எங்கள் வீட்டில் கோழிகூடத் தீபாவளிக்குத்தான். காட்டு வாத்து எப்படி ஆக்குவது என்று தெருவில் ஒருத்திக்கும் தெரியாது. பெரியம்மா கொல்லையில் உட்கார்ந்து இறகு பிடுங்கினாள். இறகெல்லாம் பறந்து முருங்கைமரத்தில் ஒட்டிக்கொண்டது. அம்மா மிளகும் சோம்பும் அரைத்தாள், தேங்காய்ப்பால் பிழிந்தாள். சைகோன்காரிகள் குழம்பில் இனிப்புப் போடுவார்கள் என்று பெரியம்மா யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். ஆகவே ஒரு வெல்லக்கட்டி போட்டாள். அது போதாதென்று, இது நம் வீடுதான் என்று தெரியட்டும் என்பதைப்போல, கடைசியில் வடகத்தைத் தாளித்துக் கொட்டினாள். சேறும் மீனும் வெல்லமும் வடகமும் சேர்ந்து ஒரு வாசனை கிளம்பியது. பக்கத்து வீட்டில் ஒருவர் சாக்கடை அடைத்துக்கொண்டதா என்று பார்க்க வெளியே வந்தார்.

அம்மா குளித்தாள். மணக்கோலத்தில் கட்டியிருந்த அரக்குப் புடவையைக் கட்டினாள். அடுப்பில் சுட்ட விரலில் மாவைப் பூசி, தலையில் பூ வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் அப்பா வந்தார். இலை போட்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில். அம்மா சோறு வைத்தாள், குழம்பை ஊற்றினாள், ஒரு முழுத் தொடையை வைத்தாள். வைத்துவிட்டு எதிரே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவிடுக்கில் பெரியம்மாவின் ஒரு கண் தெரிந்தது.

அப்பா தொடையைப் பார்த்தார். கோழித் தொடைக்கு அது சின்னது. பிறகு அண்ணாந்து அம்மாவைப் பார்த்தார். அவள் தோளில், புடவை மடிப்பில், ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது. பச்சை. "ந்தா, இங்க வா" என்றார். அவள் குனிந்தாள். அவர் இடது கையால் அந்த இறகை எடுத்துப் பார்த்தார்.

அம்மா பேசிக்கொண்டே போனாள். "தெருவுல வந்துச்சி. ஒங்களுக்குப் புடிக்குமேன்னு. அங்க மாதிரி வருமோ வராதோ, எனக்கு இன்னா தெரியும். வேணும்னா இனிமே வாரம் ஒருக்கா ஆக்கறேன். நீங்க எங்கயும் தேடிக்கினு போக வேணாம்."

அப்பா அந்த இறகைச் சட்டைப் பைக்குள் போட்டார். சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்கியது.

"நல்லா இருக்குது" என்றார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

எலும்பு மிச்சம் வைக்காமல் தின்றார். நான் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, தன் இலையிலிருந்து ஒரு துண்டை எனக்குத் தள்ளினார். "சாப்புடு. அம்மா கஷ்டப்பட்டு ஆக்கிச்சி." தின்றேன். ஊசுடு ஏரியின் அடிமண்ணை யாரோ வெல்லப்பாகில் கிண்டியதைப் போல இருந்தது. இத்தனை வருஷத்தில் எவ்வளவோ மோசமான விருந்துகளைத் தின்றிருக்கிறேன், சில என் சொந்தக் கல்யாணத்திலேயே. அதைப்போல ஒன்றைத் தின்றதில்லை.

கை கழுவிவிட்டு வந்து அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். சத்தம் கேட்டது. அம்மா இலையை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"அலமாரியில ஒரு தட்டு காலி பண்ணிக் குடு" என்றார் அப்பா.

"எதுக்கு?"

"துணி வெக்கத்தான். வந்த நாள்லேர்ந்து எங்க வெக்கறதுன்னே தெரியல. எல்லாத் தட்டுலயும் ஒங்க சாமான் இருக்குது."

அம்மா ஓடிப்போய் அலமாரியைத் திறந்து ஒரு தட்டை இல்லை, இரண்டு தட்டை வாரிக் கீழே போட்டாள். அதில் என்னுடைய பம்பரங்களும் கோலிகளும் கண்ணிழந்த ஒரு மரக்குதிரையும் போயின. குதிரையை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. அப்பா சட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். கடைசியில் காலிப் பெட்டிக்குள் ஜுமேலை வைத்து மூடினார், பூட்டவில்லை. அம்மா கொல்லைக்குப் போய், ஏற்கெனவே கழுவிய குழம்புச் சட்டியை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியம்மா அவள் பக்கத்தில் நின்றாள். "பாத்தியா, நாக்குதான்டி" என்றாள் வெற்றிக் குரலில். சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக உட்காராமல், தெருவைக் கடந்து தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் துண்டைச் சுற்றிக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் போய் நின்றேன். அப்பா எழுந்துவந்து பார்த்தார். "உள்ள போயி படு. பனி" என்றார். அவ்வளவுதான். ஏரிக்கு அவர் அப்புறம் போகவே இல்லை. பங்குனி பிறந்ததும் வாத்துகள் கிளம்பியிருக்கும். வழியனுப்ப எங்கள் வீட்டிலிருந்து ஆள் போகவில்லை.

அந்த டிரங்குப் பெட்டியில் அம்மா அடுத்த கோடையில் வடகம் போட்டு வைத்தாள். ஜுமேலைத் தாய்மாமன் மகன் புட்பால் மேட்ச் பார்க்க வாங்கிக்கொண்டு போனான், இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறான். மார்கழி தொடங்கி மாசிவரை, கூடைக்காரன் வருகிற வாரமெல்லாம் எங்கள் வீட்டில் கிளுவைக் குழம்பு. அம்மாவுக்குக் கைப்பழக்கம் வந்து வெல்லம் குறைந்தது. அப்பா ஒவ்வொரு தடவையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றார். வேட்டுச் சத்தம் கேட்டால் மட்டும் அவர் எங்கே இருக்கிறார் என்று ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். அதற்கு அம்மாவிடம் குழம்பு எதுவும் இல்லை.

எனக்கு மீசை முளைத்த பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன். "ஏம்பா, அதுங்கள பாக்கத்தான் போனேன்னு அம்மாகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் இடது காதைத் திருப்பிக்கொண்டார் என்று நினைத்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி அவ தூணப் புடிச்சிக்கினு நின்னா பாரு, நான் அங்க நின்ன மாதிரியேதான் நின்னுக்கினு இருந்தா" என்றார். "நான் எழும்பறேனா எழும்பலியான்னு பாத்துக்கினு இருந்தா. எழும்பாம ஒக்காந்துட்டேன்."

சைகோனில் யாராவது இருந்தார்களா? எனக்குத் தெரியாது. அவர் போனபிறகு எந்தக் கடிதமும் வரவில்லை, எந்தப் போட்டோவும் கிடைக்கவில்லை. இருந்திருந்தாலும் அவள் வாத்து ஆக்கிப் போட்டிருப்பாள் என்று நான் நம்பவில்லை.

அம்மா அவருக்குப்பின் நிறைய காலம் இருந்தாள். அப்பாவின் திதிக்குப் படையல் போடும்போது மற்றதெல்லாம் மருமகள் சமைக்கலாம், வாத்துக் குழம்பு மட்டும் அவள்தான். "ஒங்கப்பாவுக்கு வாத்துன்னா உசுரு" என்று எல்லோரிடமும் சொல்வாள். நான் தலையை ஆட்டுவேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கிளுவை பிடிப்பதற்குத் தடை வந்தபிறகு கடையில் விற்கிற பண்ணை வாத்துக்கு மாறினாள். மீசை வைத்த போட்டோவுக்கு முன்னால் இலையில் ஒரு முழுத் தொடை. படையல் முடியும்வரை தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காகத்துக்கு வைக்கும்போது மாடிப்படி ஏற முடியாத வயதிலும் ஏறி வந்து, வாத்துத் துண்டை முதலில் அது எடுக்கிறவரைக்கும் நகரமாட்டாள். காகமும் எடுத்துவிடும். வருஷம் தவறாமல் எடுத்தது.

போன திதி அம்மா இல்லாமல் வந்த முதல் திதி. என் மருமகள் அதே பக்குவத்தில் குழம்பு வைத்தாள். மொட்டைமாடிச் சுவரில் இலைத்துண்டை வைத்துவிட்டு நாங்கள் தள்ளி நின்றோம். காகம் வந்தது. முட்டையை எடுத்தது, வடையைக் கொத்தியது. வாத்துத் துண்டை அலகால் புரட்டிப் பார்த்து, ஓரமாகத் தள்ளிவிட்டுப் பறந்து போய்விட்டது.

மருமகளுக்கு முகம் வாடிவிட்டது. "இன்னா மாமா இது? தாத்தாவுக்கு எம்மேல எதனா கோவமா?"

"கோவம்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "இப்ப எதிர்ல நின்னு பாத்துக்கினு இருக்கறதுக்கு ஆயா இல்ல. அதான்."

அவளுக்குப் புரியவில்லை. நான் மேற்கே பார்த்தேன். ஊசுடு ஏரி இருக்கிற பக்கத்து வானத்தில், வெகு தூரத்தில், வரிசையாக என்னவோ தெரிந்தது. புதுக் கண்ணுதான். இருந்தாலும் பனியனாக இருந்துவிடப் போகிறதே என்று, சரியாகத் தெரிவதற்குள் கீழே இறங்கி வந்துவிட்டேன்.